ரங்கூனிலிருந்து நடந்து வந்த ஹெலன்: இந்தியத் திரையின் 'அந்நியப் பெண்'

1958ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியான 'உத்தம புத்திரன்' திரைப்படத்தில், உல்லாசப் பிரியனான மன்னன் விக்கிரமனாக நடித்த சிவாஜி கணேசனுடன் ஓர் இளம்பெண் ஆடிய நடனம் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலாயாவிலும் இருந்த தமிழ் ரசிகர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. 'யாரடி நீ மோகினி' என்ற அந்தப் பாடல் இன்றும் வானொலிகளில் ஒலிக்கிறது. அரசவைக் காட்சியில் திடீரென மேற்கத்திய ராக் அண்ட் ரோல் துள்ளலைப் புகுத்திய அந்த நடனக் காட்சி, அன்றைய தமிழ்த் திரைக்குப் புதியது.

அதில் ஆடியவருக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. அதே ஆண்டில் பம்பாயில் வெளியான 'ஹௌரா பிரிட்ஜ்' என்ற இந்தித் திரைப்படம் அவரை இந்தியா முழுவதும் அறியப்பட்ட பெயராக்கியது. ஹெலன் என்ற ஒற்றைப் பெயரால் அதன் பின்னர் ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் நூற்றுக்கணக்கான படங்களில் தோன்றிய அவர், பிறப்பால் பம்பாய்க்காரரும் அல்லர். பலர் எண்ணியதுபோல ஐரோப்பாவிலிருந்து வந்தவரும் அல்லர். இன்று யாங்கோன் என்று வழங்கும் பர்மியத் துறைமுக நகரமான ரங்கூனில் 1938ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி பிறந்தவர். போரின் காரணமாக அங்கிருந்து கால்நடையாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அகதிகளில் ஒருவர்.

திரையில் அவர் ஏற்ற வேடங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சீனப் பெண், அராபியப் பெண், ஸ்பானிய நடனக்காரி, நாடோடிப் பெண், ஆங்கிலோ-இந்திய மதுக்கூட ஆட்டக்காரி என அவர் எப்போதுமே வெளியாளாகவே காட்டப்பட்டார். இந்தத் தெரிவு தற்செயலானது அல்ல. அதன் வேர்களைத் தேடுபவர்கள் அவர் பிறந்த நகரத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தியர்கள் பெரும்பான்மையாக இருந்த பர்மிய நகரம்

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ரங்கூனின் மக்கள்தொகை 4,00,415. அவர்களில் 2,12,929 பேர் இந்தியர்கள். அதாவது பர்மாவின் தலைநகரிலேயே பர்மியர்கள் சிறுபான்மையினராக இருந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கர்கள். நெல் ஆலைகளிலும் வீட்டு வேலைகளிலும் கடைகளிலும் தமிழர்கள் இருந்தனர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்தினர். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் அவர்கள் கைக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கிய நெல் விளையும் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் 1938ஆம் ஆண்டளவில் செட்டியார்களிடம் இருந்தது. இந்தியர் மீதான பர்மியரின் கோபத்துக்கு இது ஒரு முக்கிய காரணமாக அமைந்தது என்பதை இந்தியத் தரப்பில் எழுதப்படும் நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் சொல்லாமலே கடந்து விடுகின்றன.

1937 ஏப்ரலில் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்குச் சென்றவர்கள் அன்றுமுதல் வேற்று நாட்டவரானார்கள். 1938 ஜூலையில் ரங்கூனில் தொடங்கிய கலவரம் பல நகரங்களுக்குப் பரவியது. முதலில் முஸ்லிம்களையும் பின்னர் பொதுவாக இந்தியர்களையும் அது குறிவைத்தது. ஹெலன் பிறந்தது அதற்கு நான்கு மாதங்களுக்குப் பின்னர்.

அவருடைய தந்தை ஆங்கிலோ-இந்தியர். தாய் பர்மியர். துறைமுக நகரங்களில் இத்தகைய குடும்பங்கள் ஏராளம். பினாங்கிலும் கொழும்பிலும் கல்கத்தாவிலும் அவர்கள் இருந்தனர். ரயில்வேயிலும் தபால் தந்தித் துறையிலும் மருத்துவமனைகளிலும் அவர்கள் வேலை பார்த்தனர். ஆட்சியாளருக்கு அவர்கள் முழு வெள்ளையர் அல்லர். மண்ணின் மக்களுக்கோ முழுமையான உள்ளூர்க்காரர் அல்லர். பேரரசு நிலைத்திருந்த வரையில் அந்த இடைநிலை ஒரு வாழ்வாதாரமாக இருந்தது. அது ஆட்டங்கண்டபோது அதுவே ஆபத்தாக மாறியது.

நடந்து சென்றவர்கள்

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது முதன்முறையாகக் குண்டு வீசின. துறைமுகத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு ஓடினர். 1942 மார்ச் 8ஆம் தேதி நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. வசதி படைத்தவர்கள் அதற்கு முன்னரே கப்பலிலும் விமானத்திலும் வெளியேறியிருந்தனர். மற்றவர்களுக்கு எஞ்சியது காடும் மலையும்தான்.

ஒரு பாதை அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங் சென்றது. இரண்டாவது பாதை தாமு வழியாக மணிப்பூரின் இம்பாலை அடைந்தது. மூன்றாவதும் மிகக் கொடியதுமான பாதை, வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கைத் தாண்டி அசாமின் லிடோ, திப்ருகர் பகுதிகளில் முடிந்தது. 1942 மே மாதத்தில் பருவமழை தொடங்கியபின் இந்தப் பாதை சேறும் அட்டையும் மலேரியாவுமாக மாறியது. மொத்தத்தில் நான்கிலிருந்து ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கிடப்படுகிறது. வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. பத்தாயிரம் என்றும் ஐம்பதாயிரம் என்றும் அதற்கு மேலும் என்றும் சொல்லப்படுகிறது. எண்ணிக் குறித்துக்கொள்ள அங்கே எவரும் இருக்கவில்லை.

வெளியேற்றத்திலும் நிறபேதம் இருந்தது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் ஒதுக்கப்பட்ட வழிகளில் முகாம்களும் உணவும் ஓரளவு கிடைத்தன. சாதாரண இந்தியக் கூலிகள் வேறு வழிகளுக்குத் திருப்பிவிடப்பட்டனர். 'வெள்ளைப் பாதை', 'கறுப்புப் பாதை' என்ற சொற்கள் அக்காலத்திலேயே புழக்கத்தில் இருந்தன. இந்த வெளியேற்றம் குறித்து 1975இல் எழுதிய பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர், இதனை மறக்கப்பட்ட நெடும்பயணம் என்று குறிப்பிட்டார்.

தமிழில் இந்தப் பயணத்துக்கு ஒரு முக்கியமான சாட்சியம் உண்டு. ரங்கூனிலிருந்து 'ஜோதி' இதழை நடத்திவந்த அறிஞர் வெ. சாமிநாத சர்மா, தாம் மனைவியுடன் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த கதையை 'பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதி வைத்தார். திரைப்படத்தில் அதன் நிழல் 1952இல் வெளியான 'பராசக்தி'யில் விழுந்தது. ரங்கூனில் வாழும் மூன்று சகோதரர்கள் போரால் சிதறுவதிலிருந்தே அந்தக் கதை நகர்கிறது. நடந்து வருபவர்களில் ஒருவர் ஜப்பானியத் தாக்குதலில் காலை இழந்து பிச்சைக்காரராகிறார். கருணாநிதியின் வசனங்களையும் சிவாஜி கணேசனின் அறிமுகத்தையும் நினைவில் வைத்திருக்கும் தமிழர்கள், அந்தப் படம் ஓர் அகதிக் கதை என்பதை அநேகமாக மறந்துவிட்டார்கள்.

ஹெலனின் குடும்பம் நடந்த ஆண்டு 1943 என்று வாழ்க்கைக் குறிப்புகளில் பதிவாகியுள்ளது. பெருந்திரளான மக்கள் அதற்கு முந்தைய ஆண்டிலேயே வெளியேறியிருந்தனர். தந்தை போரில் இறந்துவிட்டார். தாய் கருவுற்றிருந்தார். உடன் ஒரு சகோதரனும் சகோதரியும் இருந்தனர். 1964ஆம் ஆண்டு 'பிலிம்ஃபேர்' இதழுக்கு அளித்த பேட்டியில் ஹெலன் இந்தப் பயணத்தை விவரித்தார். கையில் பணமின்றி, வழியில் இருந்த கிராமத்தவர்களின் தயவில் உண்டு, காடுகளையும் நூற்றுக்கணக்கான கிராமங்களையும் கடந்து அவர்கள் நடந்தார்கள். எதிர்ப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் சிறிது தூரம் வாகனமும் மருந்தும் கொடுத்து உதவினர். தாய்க்கு வழியிலேயே கரு கலைந்தது. நோயுற்றவர்கள் பின்தங்கினர், பசியாலும் நோயாலும் பலர் இறந்தனர். திப்ருகரை அடைந்தபோது உடன் புறப்பட்டவர்களில் பாதிப் பேரே எஞ்சியிருந்தனர்.

தாயும் மகளும் எலும்பும் தோலுமாக இருந்தனர். திப்ருகர் மருத்துவமனையில் இரண்டு மாதங்கள் கழிந்தன. பின்னர் கல்கத்தா சென்றார்கள். அங்கே சகோதரன் அம்மை நோயால் இறந்தான். எஞ்சியவர்கள் பம்பாய் வந்து சேர்ந்தனர்.

தாதியின் சம்பளமும் குழு நடனமும்

பம்பாயில் தாய் மருத்துவமனைத் தாதியாக வேலை பார்த்தார். அந்த வருமானம் குடும்பத்துக்குப் போதவில்லை. மூத்தவராக எஞ்சியிருந்த ஹெலன் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார். குடும்ப நண்பராக இருந்த குக்கூ மோரே, அக்காலத்து இந்திப் படங்களில் புகழ்பெற்ற நடனக்காரர், அவரும் ஆங்கிலோ-இந்தியர். அவருடைய உதவியால் 1951இல் 'ஷபிஸ்தான்', ராஜ் கபூரின் 'ஆவாரா' ஆகிய படங்களில் குழு நடனக்காரிகளில் ஒருவராக ஹெலனுக்கு வேலை கிடைத்தது. வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ.

கதாநாயகிகளாக நடிக்க வந்த இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பெண்களுக்கே சமூகத்தின் கண்டனம் காத்திருந்த காலம் அது. கால் தெரிய ஆடுவதற்கு ஆள் கிடைப்பது அதைவிடக் கடினம். ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் இந்திய சினிமாவின் மௌனப்பட காலத்திலிருந்தே அந்த வெற்றிடத்தை நிரப்பினர். 'அவர்கள் வேறு' என்று சமூகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்ததால், அவர்கள் ஆடுவதில் எவருடைய குடும்ப மானமும் போகவில்லை. இவர்களுடைய வறுமையைச் சமூகத்தின் இந்த இரட்டை அளவுகோலுடன் சேர்த்துப் பார்த்தால்தான் ஹெலன் போன்றவர்களின் தொழில் வாழ்க்கை புரியும்.

1950களின் முற்பகுதியில் அவர் தனி நடனங்களுக்கு உயர்ந்தார். 1957இல், தம்மைவிட இருபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவரான திரைப்பட இயக்குநர் பி.என். அரோராவை மணந்தார். மறு ஆண்டு 'ஹௌரா பிரிட்ஜ்' வந்தது.

சீனப் பெண்ணாக ஒரு பர்மியப் பெண்

சக்தி சாமந்தா இயக்கிய அந்தப் படத்தில், கல்கத்தாவின் சீனர் புழங்கும் மதுக்கூடம் ஒன்றில் சீன உடையணிந்து ஹெலன் ஆடினார். ஓ.பி. நய்யாரின் இசையில் கீதா தத் பாடிய 'மேரா நாம் சின் சின் சூ' என்ற பாடல் அது. ஹெலனின் பர்மிய முகச்சாயல் அந்த வேடத்துக்குப் பொருத்தமாகக் கருதப்பட்டது. பர்மியருக்கும் சீனருக்கும் உள்ள வேறுபாட்டை பம்பாய்ப் படவுலகம் பொருட்படுத்தவில்லை.

திரையில் ரசிக்கப்பட்ட இந்த 'சீன' அலங்காரத்துக்கும் நிஜ வாழ்க்கைக்கும் இடையிலான தூரம் நான்கே ஆண்டுகளில் தெரிந்தது. 1962இல் இந்திய-சீன எல்லைப் போர் மூண்டபோது, கல்கத்தாவிலும் அசாமிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் சுமார் மூவாயிரம் பேர் கைது செய்யப்பட்டு, ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்கு ரயிலில் கொண்டு செல்லப்பட்டனர். சிலர் பல ஆண்டுகள் அங்கே அடைபட்டிருந்தனர். அந்தப் பாடலுக்குக் கைதட்டிய அதே நாடுதான் அது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல. 1905இல் லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்த அமெரிக்க நடிகை அன்னா மே வோங்கின் வாழ்க்கை இதற்கு நெருங்கிய உதாரணம். திரையிலும் பிராட்வே மேடையிலும் நடித்த அவர், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தும் சூழ்ச்சிக்காரச் சீனப் பெண்ணாகவோ, காதலில் தோற்று உயிர்விடும் கீழைத்தேயப் பெண்ணாகவோ மட்டுமே பெரும்பாலும் நடிக்க வைக்கப்பட்டார். சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய 'தி குட் எர்த்' 1937இல் படமானபோது, முதன்மைப் பெண் வேடம் ஜெர்மனியில் பிறந்த வெள்ளையரான லூயிஸ் ரெய்னருக்கே சென்றது. 1951இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகியாக அன்னா மே வோங் தோன்றினார். ஆசிய அமெரிக்கர் ஒருவரை மையமாக வைத்த முதல் அமெரிக்கத் தொடர் அதுவே. அது நீண்ட காலம் நீடிக்கவில்லை.

ஹாலிவுட்டில் அன்னா மே வோங் இறந்ததைப் போலவே இந்தித் திரையில் ஹெலனும் அடிக்கடி இறந்தார். கதாநாயகனை மனதுக்குள் விரும்பும் மதுக்கூட நடனக்காரி, இறுதிக் காட்சிக்குச் சற்று முன்பு துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாவார். கதாநாயகனும் சேலை கட்டிய கதாநாயகியும் மணம் முடிப்பார்கள். இந்த நடனக்காரிகளுக்கு வைக்கப்பட்ட பெயர்களும் கவனிக்கத்தக்கவை: 'கும்நாம்' படத்தில் கிட்டி, 'தீஸ்ரி மன்ஸில்' படத்தில் ரூபி, 'காரவான்' படத்தில் மோனிகா. மதுவும் சிகரெட்டும் மேற்கத்திய உடையும் ஒழுக்கக்கேட்டின் அடையாளங்களாகவும், அவை கிறிஸ்தவப் பெயர் கொண்ட பெண்களுக்கே உரியனவாகவும் காட்டப்பட்டன. கோவாவின் கத்தோலிக்கரும் ஆங்கிலோ-இந்தியரும் இந்தச் சித்திரிப்பால் அடைந்த மனவருத்தம் நெடுங்காலம் பொருட்படுத்தப்படவில்லை.

வேடத்துக்குள் ஒரு கலைஞர்

எனினும் ஹெலனை வெறும் பலியாகப் பார்ப்பது அவருக்கு நியாயம் செய்வதாகாது. அவரை மற்ற நடனக்காரிகளிடமிருந்து வேறுபடுத்தியது உழைப்பு. கதக், மணிப்புரி, பரதநாட்டியம் ஆகியவற்றில் பயிற்சி பெற்றிருந்த அவர், அந்தப் பயிற்சியை மேற்கத்தியத் தாளத்துக்குள் கொண்டு வந்தார். கண்ணும் புருவமும் கைவிரலும் தாளத்தோடு பேசின. உடலோடு ஒட்டிய தோல் நிற உள்ளாடைக்கு மேலேயே பெரும்பாலான கவர்ச்சி உடைகளை அவர் அணிந்தார் என்பதும், பறவை இறகுகளும் பொய்முடியும் கண்வில்லைகளும் அடங்கிய அலங்காரத்தில் அவர் மிகுந்த அக்கறை காட்டினார் என்பதும் திரையுலகம் அறிந்த செய்திகள். அந்த ஆட்டத்தில் ஒரு குதூகலம் இருந்தது, அருவருப்பு இல்லை. குடும்பத்தோடு படம் பார்க்க வந்தவர்கள் முகம் சுளிக்காமல் பார்த்த 'கெட்ட பெண்' அவர்.

1965இல் வெளியான 'கும்நாம்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்ஃபேர் விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. (அதே படத்தின் தொடக்கத்தில் முகமூடியணிந்து ஆடும் பெண் ஹெலன்தான் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2001இல் 'கோஸ்ட் வேர்ல்ட்' என்ற அமெரிக்கப் படத்தில் அந்தக் காட்சி இடம்பெற்ற பிறகு இந்தத் தவறு உலகெங்கும் பரவியது. ஆடியவர் லட்சுமி சாயா.) 1971இல் 'காரவான்' படத்தில் ஆஷா போஸ்லேயின் குரலுக்கு அவர் ஆடிய நடனமும், 1975இல் 'ஷோலே'யில் நாடோடிப் பெண்ணாக ஆடியதும், 1978இல் 'டான்' படத்தில் பழிவாங்க வரும் காமினியாக ஆடியதும் இந்தி தெரியாதவர்களுக்கும் பரிச்சயமானவை. 1973இல் மெர்ச்சன்ட் ஐவரி நிறுவனம் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் தயாரித்தது.

ஆனால் அப்போதே காலம் மாறத் தொடங்கியிருந்தது. ஜீனத் அமன், பர்வீன் பாபி போன்ற புதிய கதாநாயகிகள் மேற்கத்திய உடையைத் தாங்களே அணிந்தார்கள், தாங்களே ஆடினார்கள். நல்ல பெண்ணையும் கெட்ட பெண்ணையும் பிரித்துக் காட்டிய கோடு மங்கியபோது, அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் நிற்பதற்கென ஒருவரை அமர்த்த வேண்டிய தேவை குறைந்தது. தமிழ்த் திரையில் இந்த மாற்றம் மேலும் தாமதமாகவே நிகழ்ந்தது. ஜோதிலட்சுமி, ஜெயமாலினி, சில்க் ஸ்மிதா ஆகியோருக்கு 1970களிலும் 1980களிலும் தனி இடம் இருந்தது. அவர்கள் 'அந்நியர்' அல்லர் என்பது ஒரு வேறுபாடு. அதனாலேயே அவர்கள் மீதான சமூகத்தின் ஏளனம் கடுமையாக இருந்தது என்றும் வாதிடலாம்.

வீழ்ச்சியும் மீட்சியும்

அரோராவுடனான வாழ்க்கை 1974இல் முறிந்தபோது ஹெலன் கடும் பொருளாதார நெருக்கடியில் இருந்தார். வாய்ப்புகளும் குறைந்துகொண்டிருந்தன. அந்நேரத்தில் அவருக்கு உதவியவர் திரைக்கதை எழுத்தாளர் சலீம் கான். ஜாவேத் அக்தருடன் இணைந்து தாம் எழுதிய 'இமான் தரம்', 'டான்', 'தோஸ்தானா' போன்ற படங்களில் ஹெலனுக்கு அவர் வேடங்கள் பெற்றுத் தந்தார். ஏற்கெனவே மணமானவரான சலீம் கான் 1981இல் ஹெலனையும் மணந்தார். நடிகர் சல்மான் கானின் குடும்பத்தில் ஹெலன் இன்னொரு தாயாக ஏற்றுக்கொள்ளப்பட்டது பற்றி இந்தியப் பத்திரிகைகள் நிறையவே எழுதியுள்ளன.

இதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது 1979இல் வெளியான 'லஹூ கே தோ ரங்' என்ற படம். மகேஷ் பட் இயக்கிய அதில் ஹெலன் ஏற்றது ஹாங்காங்கில் வாழும் சூஸி என்ற பெண்ணின் வேடம். இரண்டாம் உலகப் போர்க் காலம். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த ஒருவன் அவளிடம் தஞ்சம் புகுகிறான். இருவருக்கும் ஒரு மகன் பிறக்கிறான். போராளி தாயகம் திரும்பிவிட, அவள் மகனோடு தனித்து விடப்படுகிறாள். அவனுக்கு இந்தியாவில் முன்பே ஒரு குடும்பம் உண்டு.

இந்த வேடத்துக்காகவே சிறந்த துணை நடிகைக்கான பிலிம்ஃபேர் விருது ஹெலனுக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் போல நடித்த பின் கிடைத்த விருது, அவருடைய புகழ்பெற்ற நடனங்கள் எதற்கும் அல்ல. ஆசியப் போரில் கைவிடப்பட்ட ஒரு பெண்ணாக நடித்ததற்கு. 1943இல் அவருடைய தாய் எத்தகைய நிலையில் காட்டுக்குள் நடந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் படம் வேறு விதமாகத் தெரியும்.

அவரைத் திரைக்கு அழைத்து வந்த குக்கூவுக்கு இத்தகைய மீட்சி கிடைக்கவில்லை. ஒருகாலத்தில் பெரும் பணம் சம்பாதித்த அவர், 1981இல் புற்றுநோயால் வறுமையில் இறந்தார்.

1980களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்ற ஹெலன், 1990களின் பிற்பகுதியிலிருந்து 'காமோஷி', 'ஹம் தில் தே சுகே சனம்' போன்ற படங்களில் பாட்டியாகவும் தாயாகவும் தோன்றினார். அந்நியப் பெண்ணாகவே இருந்தவர் இந்தியக் குடும்பத்தின் மூத்த பெண்மணியாகத் திரையில் ஏற்கப்பட ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆனது. எழுத்தாளர் ஜெர்ரி பின்டோ 2006இல் வெளியிட்ட ஹெலன் பற்றிய நூல், சினிமா பற்றிய சிறந்த நூலுக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றது. 2009இல் இந்திய அரசு ஹெலனுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இன்னொரு 1964

ஹெலன் தமது நடைப்பயணத்தைப் பற்றி 'பிலிம்ஃபேர்' இதழுக்குச் சொன்ன 1964ஆம் ஆண்டு, பர்மாவின் தமிழர்களுக்கு வேறொரு காரணத்தால் மறக்க முடியாத ஆண்டு. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் நே வின், 1964 மார்ச்சில் கடைகளையும் வணிக நிறுவனங்களையும் அரசுடைமையாக்கினார். மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. 1942க்குப் பின் திரும்பிச் சென்று மீண்டும் வாழ்வைக் கட்டியெழுப்பியிருந்த குடும்பங்கள் ஒரே ஆண்டில் அனைத்தையும் இழந்தன. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். நகைகளையும் பணத்தையும் எடுத்துச் செல்ல அனுமதி இருக்கவில்லை.

அவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரும், தமிழக நகரங்களில் காணப்படும் பர்மா காலனிகளும், வடசென்னைத் தெருவோரங்களில் மாலை நேரங்களில் விற்கப்படும் அத்தோவும் அவர்கள் வந்ததன் தடயங்கள். தமிழகத்தில் அவர்கள் 'பர்மாக்காரர்கள்' என்றே அழைக்கப்பட்டனர். பர்மாவில் அவர்களுக்கு இருந்த பெயர் 'கலா'. வெளியாள் என்பது அதன் பொருள். தமிழகத்தில் வேரூன்ற முடியாத சிலர் நிலவழியாக மீண்டும் பர்மாவுக்குள் செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற சிறு நகரிலேயே தங்கிவிட்டனர். அங்கே அவர்கள் அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் எழுப்பினார்கள். 1942இல் இம்பால் நோக்கி நடந்தவர்கள் கடந்து வந்த தாமு, மோரேயிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

ரங்கூனிலிருந்து இந்தியர்களை ஏற்றிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த அதே ஆண்டில்தான், கரு கலைந்த தாயைப் பற்றியும் இறந்துபோன சகோதரனைப் பற்றியும் ஒரு நடனக்காரி சொன்ன செய்தி பம்பாயின் சினிமா இதழ் ஒன்றில் அச்சாகி வெளிவந்தது.